கிடாரத்துக்கு ஒரு வால்வு: தூக்காமலும் கலக்காமலும் கருப்பநீர் வடிக்கும் வழி

பனங்கட்டியும் பாணியும் எமது பனைவளப் பிரதேசங்களின் பழமையான உற்பத்திகள். இவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மரத்தில் ஏறும் சீவல் தொழிலாளியின் ஆபத்தையே நாம் முதலில் நினைக்கிறோம். அது சரியானதே. ஆனால் மரத்திலிருந்து முட்டி இறங்கிய பின் கொட்டிலுக்குள் இன்னோர் ஆபத்து தொடங்குகிறது. அதற்கு முகம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 20 இலீற்றர் கருப்பநீர் ஏறக்குறைய 21 கிலோகிராம் நிறையுடையது. கிடாரத்தின் நிறையையும் சேர்த்தால் 24 கிலோகிராம் அளவாகிவிடும். கொதிக்கும் நிலையில் அதை இருவர் பழந்துணியாற் பிடித்துத் தூக்கிச் சரித்து, துணியைக் கட்டிய இன்னொரு பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள். ஒருவரின் கை வழுக்கினால் மற்றவரின் காலும் வெந்துபோகும். அருகில் குழந்தை நின்றால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தூக்கும் வேலையை முற்றாக நீக்கக்கூடிய எளிய உபகரணம் ஒன்று உண்டு. கிடாரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டு, அதில் திறந்து மூடும் வால்வு ஒன்றைப் பொருத்துவதே அது. சரியான உயரத்தில் பொருத்தினால் இதே வால்வு கருப்பநீரைச் சுண்ணாம்புப் படிவிலிருந்து பிரித்தும் தரும். தவறாகப் பொருத்தினாலோ ஒழுக்கு, புளிப்பு, நச்சு உலோகம் என்று புதிய தொல்லைகள் வந்து சேரும். எனவே செய்முறையைப் படிப்படியாக விளக்க விரும்புகிறோம்.

இந்த உத்தி எங்கிருந்து வந்தது?

மேலைநாடுகளில் வீட்டிலே சிறு அளவில் பியர் காய்ச்சுவோர் பலர் உளர். ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் நிறைவேறிய சட்டமொன்று இதற்கு வழிவிட்டது. அவர்கள் முளைத்த பார்லியை ஊறவைத்து எடுத்த இனிப்பு நீரைப் பெரிய பானையிற் காய்ச்சுவர். காய்ச்சியதும் அடியிலே புரதமும் சக்கையும் படியும். பானையைத் தூக்கிச் சரித்தால் படிவு கலங்கும், கையும் வேகும். ஆதலால் சாதாரண சமையற் பானையை வாங்கித் தாங்களே துளையிட்டு வால்வு பொருத்திக்கொள்ளும் வழக்கம் அவர்களிடையே பரவியது.

எமது நாட்டில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிக்க முடியாது. பியர் காய்ச்சுவதும் எமது நோக்கமன்று. ஆனால் அந்தப் பானையிலே நிகழ்வதும் கருப்பநீர்க் கிடாரத்திலே நிகழ்வதும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் இனிப்பு நீர் கொதிக்கிறது. இரண்டிலும் அடியிலே வேண்டாத படிவு விழுகிறது. இரண்டிலும் தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டியுள்ளது. நல்ல உத்தி எவரிடமிருந்து வந்தாலும் அதை எமது தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

சுண்ணாம்பு ஏன், தெளிவு ஏன்?

பாளையிலிருந்து வடியும் சாற்றிலே 100 பங்கில் 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை இருக்கும். காற்றிலுள்ள நொதியங்கள் அதில் விழுந்தால் சில மணித்தியாலத்திலேயே அது கள்ளாகிவிடும். இதைத் தடுக்கவே முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையுடையதாக்குவதால் நொதித்தல் தடைப்படுகிறது.

காய்ச்சும்போது அதே சுண்ணாம்பு இடைஞ்சலாகிறது. அது மிகுந்தால் பாணி கறுக்கும், நாக்கிலே கரகரக்கும், தாச்சியின் அடியிற் பற்றிப் பிடிக்கும். எனவே காய்ச்சி வற்றவைக்க முன்னர் இயன்றளவு சுண்ணாம்பைப் படியவிட்டு நீக்க வேண்டும். சுண்ணாம்பு குளிர்ந்த நீரிலும் பார்க்கச் சுடுநீரிலே குறைவாகத்தான் கரையும். அதனாற் சாற்றைச் சூடாக்கி ஆறவிடும்போது படிவு கூடுதலாக விழுகிறது. சாற்றிலுள்ள புரதமும் வெப்பத்தில் திரண்டு, ஒரு பகுதி நுரையாக மேலே வர, மறு பகுதி அடியிற் படிகிறது.

சுண்ணாம்பு மிகுதியா என்று அறிய வீட்டிலே ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தட்டொன்றில் சிறிது மஞ்சள் தூளை நீரிற் குழைத்து, அதில் ஒரு துளி கருப்பநீரை விடுங்கள். மஞ்சள் செந்நிறமானால் காரம் மிகுதி. அப்படியானால் கூடுதல் நேரம் தெளியவிடுங்கள். அடுத்த நாள் முட்டிக்குத் தடவும் சுண்ணாம்பைச் சற்றுக் குறைக்கும்படி சீவுபவரிடமும் கூறுங்கள். பெரிய உற்பத்தி நிலையங்களில் பொசுபேற்றுச் சேர்த்துச் சுண்ணாம்பைப் படியச் செய்வதுண்டு. அது அளவறிந்தவர் செய்ய வேண்டியது. வயலுக்கு இடும் உரத்தை எக்காரணம் கொண்டும் கருப்பநீரிற் சேர்க்கக்கூடாது.

எந்தப் பாத்திரம், எந்த உலோகம்?

எவர்சில்வர் கிடாரமே பொருத்தமானது. அலுமினியம் மலிவாகவும் இலேசாகவும் இருந்தாலும், காரமான நீர் அதை அரிக்கும். சுண்ணாம்பு நீங்காத கருப்பநீர் காரமானது. ஆகவே தெளியவைக்கும் முதற்கட்டத்துக்கு அலுமினியக் கிடாரம் உகந்ததன்று.

வால்வைத் தெரியும்போதும் இதே கவனம் வேண்டும். நாகம் பூசிய இரும்புப் பாகங்களைத் தவிர்க்கவும். காரமும் புளிப்பும் நாகத்தைக் கரைத்து உணவிலே சேர்த்துவிடும். சாதாரண பித்தளையிலே கடைவதற்கு இலகுவாக இருப்பதற்காகச் சிறிதளவு ஈயம் சேர்க்கப்பட்டிருப்பதுண்டு. ஈயம் சேர்ந்த பற்றாசினால் ஒட்டுவதும் கூடாது. குளியலறைக்குரிய பிளாஸ்ரிக் பைப் வெப்பத்தில் இளகும். அரை அங்குல எவர்சில்வர் போல் வால்வு சற்று விலை கூடியதெனினும் பல பருவங்களுக்கு உழைக்கும். மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

தேவையான பொருட்கள்

1. 30 சென்ரிமீற்றர் விட்டமும் 35 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள மூடியுடன் கூடிய எவர்சில்வர் கிடாரம். இதில் 20 இலீற்றர் ஊற்றினால் 28 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். நுரை எழ எஞ்சிய இடம் வேண்டும்.
2. அரை அங்குல எவர்சில்வர் போல் வால்வு ஒன்று.
3. இரு முனையிலும் புரியுள்ள அரை அங்குல எவர்சில்வர் குறுங்குழாய் ஒன்று.
4. அதே புரிக்குரிய எவர்சில்வர் நட்டு ஒன்றும், தட்டையான வோஷர் இரண்டும்.
5. வெப்பந்தாங்கும், உணவுத் தரமான சிலிக்கோன் வோஷர் இரண்டு. சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போடுவது வேண்டாம். கொதியில் அது இறுகி வெடிப்பதோடு கருப்பநீரிலும் வாசனை ஏறும்.
6. புரிக்குச் சுற்றும் வெள்ளை நாடா.
7. வால்வின் வெளிவாயிற் பூட்டுவதற்கு, கீழ்நோக்கி வளைந்த எவர்சில்வர் முழங்கைத் துண்டு ஒன்று.

துளையிடுதல்

துளையின் உயரமே இந்த வேலையின் உயிர்நாடி. அது அடியோடு ஒட்டி இருந்தால் படிவு முழுவதும் வால்வுக்குள் வரும். மிக மேலே இருந்தால் நல்ல கருப்பநீர் வீணாக அடியிலே தங்கும். கிடாரத்தின் அடியிலிருந்து துளையின் நடுப்புள்ளிவரை 3.5 சென்ரிமீற்றர் இருக்குமாறு குறியிடுங்கள். அப்படிச் செய்தால் துளையின் கீழ் விளிம்புக்குக் கீழே ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் ஆழம் இருக்கும். இந்த அளவுக் கிடாரத்தில் அது 1¾ இலீற்றர் வரையாகும். படிவு தங்க அது போதும். கைபிடிகள் இரண்டுக்கும் நடுவிலே துளை வருவது நல்லது. கிடாரத்தைப் பிடிப்பவரின் கைக்கு வால்வு இடைஞ்சலாக இராது.

அரை அங்குலக் குழாய் என்பது உள்ளளவைக் குறிக்கும் பெயர். அதன் புரியின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். ஆகவே துளையும் 21 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து அரை அங்குலத் துளையிட்டால் குழாய் நுழையாது.

குறியிட்ட இடத்தில் ஆணித்தலையால் மெல்லத் தட்டிச் சிறு குழியொன்றை உண்டாக்குங்கள், அலகு வழுக்காது. உட்புறத்தில் மரக்கட்டை ஒன்றை அண்டக் கொடுத்தால் தகடு உள்வாங்காது. முதலில் 3 மில்லிமீற்றர் அலகினால் துளைத்து, பின் படிப்படியாகப் பெருப்பியுங்கள். கூம்பு வடிவான படி அலகு கிடைத்தால் வேலை இலகு. எவர்சில்வரை வேகமாகத் துளைத்தால் அது சூடேறி மேலும் கடினமாகும். மெதுவான சுற்று, உறுதியான அழுத்தம், இடையிடையே ஒரு துளி எண்ணெய் ஆகிய மூன்றும் அவசியம். துளை முடிந்ததும் வட்ட அரத்தினால் விளிம்பை உள்ளும் வெளியும் மழுக்குங்கள். கூரான விளிம்பு சிலிக்கோன் வோஷரை வெட்டிவிடும். கழுவுபவரின் விரலையும் வெட்டும். துளையிடும் இயந்திரம் இல்லாதவர்கள் கிடாரத்தை ஒரு வேலைத்தலத்துக்குக் கொண்டு செல்லலாம். அரை மணித்தியால வேலையே.

பொருத்துதல்

உள்ளிருந்து வெளியே வரும் ஒழுங்கு இது: நட்டு, எவர்சில்வர் வோஷர், சிலிக்கோன் வோஷர், கிடாரச் சுவர், சிலிக்கோன் வோஷர், எவர்சில்வர் வோஷர், வால்வு. இவை அனைத்தின் ஊடாகவும் குறுங்குழாய் செல்கிறது. வால்வுக்குள் நுழையும் புரிக்கு வெள்ளை நாடாவை மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். புரியின் முனை உங்களைப் பார்க்கப் பிடித்து, மணிக்கூட்டு முள் சுழலும் திசையிற் சுற்ற வேண்டும். எதிர்த்திசையிற் சுற்றினால் பூட்டும்போது நாடா கழன்றுவிடும்.

முதலிற் கையால் இறுக்கி, பின் திருகியால் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் சிலிக்கோன் பிதுங்கி வெளியேறி, ஒழுக்கு உண்டாகும். ஒழுகுகிறதென்று இன்னும் இறுக்கினால் ஒழுக்குக் கூடுமேயன்றிக் குறையாது.

அடுப்பில் ஏற்ற முன்னர் சோதனை தேவை. புதிய பாகங்களிலே இயந்திர எண்ணெய் ஒட்டியிருக்கும். சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு நன்கு கழுவுங்கள். பின்பு தண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் விட்டு, வால்வைச் சுற்றி உலர்ந்த கடதாசியை ஒற்றிப் பாருங்கள். ஈரமில்லையெனில் அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து மீண்டும் பாருங்கள். குளிரில் ஒழுகாதது வெப்பத்தில் ஒழுகலாம். ஆறிய பின் நட்டை ஒருமுறை சரிபாருங்கள். அந்த நீரை ஊற்றிவிட்டே கருப்பநீருக்குப் பயன்படுத்த வேண்டும்.

அடுப்பின் அமைப்பு

வால்வுக்குள் இருக்கும் வெள்ளை வளையங்களும் சிலிக்கோன் வோஷரும் கொதிநீரின் வெப்பத்தைத் தாங்கும். விறகின் சுவாலையைத் தாங்கா. ஆகவே மூன்று கல் அடுப்பு இதற்குப் பொருந்தாது. கிடாரத்தின் அடி மட்டும் தீயைக் காணும்படி களிமண்ணால் வட்டமான விளிம்பு கட்டுங்கள். விறகு வைக்கும் வாய்க்கும் புகை செல்லும் வாய்க்கும் நேராக வராமல், பக்கவாட்டில் வால்வு அமையட்டும்.

கிடார அடுப்பை உயர்த்தியும், வற்றவைக்கும் தாச்சி அடுப்பைத் தாழ்த்தியும் அருகருகே கட்டினால், வால்வைத் திறந்தவுடன் கருப்பநீர் தானாகவே தாச்சியில் விழும். தூக்கும் வேலை முற்றாக நீங்குவது இப்படி அமைத்தால்தான். தாச்சி சற்று எட்ட இருந்தால் உணவுத் தரமான சிலிக்கோன் குழாயைப் பூட்டலாம். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் சூட்டில் இளகி நழுவும். அதைப் பயன்படுத்த வேண்டாம்.

நாளாந்தப் பயன்பாடு

முட்டிகளிலிருந்து ஊற்றும்போதே அடியிலுள்ள சுண்ணாம்புக் குழம்பை முட்டியிலேயே விட்டு, மேலே உள்ளதைப் பன்னாடையாலோ துணியாலோ வடித்துக் கிடாரத்தில் ஊற்றுங்கள். கொதி வரும்வரை சூடாக்கி, எழும் நுரையை அகப்பையால் அகற்றுங்கள். பின் தீயை இழுத்துவிட்டு, ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாகக் கலக்கி, அகப்பையை எடுத்து மூடிவிடுங்கள்.

ஒரே திசையிற் கலக்குவதற்குக் காரணம் உண்டு. தேநீரைக் கரண்டியாற் கலக்கி விட்டால் தேயிலைத் தூள் கோப்பையின் நடுவிலே வந்து குவிவதை எல்லோரும் பார்த்திருப்போம். சுழலும் நீர் அடியிலே உராய்வினால் வேகம் குறைந்து நடுவை நோக்கிப் பாய்வதே இதற்குக் காரணம் என்று 1926இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீன் விளக்கினார். கிடாரத்திலும் படிவு அவ்வாறே நடுவிற் குவியும். வால்வு இருக்கும் ஓரம் தெளியும்.

அரை மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். பிறகு ஒரு கோப்பையைப் பிடித்து வால்வை மெல்லத் திறவுங்கள். குழாய்க்குள் தங்கிய கலங்கல்தான் முதலில் வரும். அதைப் புறம்பாக வைத்துவிடுங்கள். தெளிவு வந்ததும் தாச்சிக்கு விடலாம். வால்வை ஒரேயடியாக முழுதும் திறக்காதீர்கள். நீர் வேகமாகப் பாய்ந்தால் படிவையும் இழுத்து வரும். கிடாரத்தில் நீர் குறையக் குறைய இன்னும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

அடியில் எஞ்சும் 1¾ இலீற்றரை ஊற்றிவிடுவது நட்டம்; 20 இலீற்றரில் அது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் மேல். முதலில் எடுத்த கோப்பைக் கலங்கலையும் அதனோடு சேர்த்துத் தடித்த துணியில் ஊற்றித் தொங்கவிட்டால் நல்ல பங்கு தெளிந்து இறங்கும். அதையும் தாச்சியிற் சேர்க்கலாம்.

வற்றவைத்தலைத் தாச்சியிலேயே செய்ய வேண்டும் என்பதை வலியுறுத்துகிறோம். 20 இலீற்றர் கருப்பநீர் பாணியாகும்போது 2½ முதல் 3 இலீற்றர் வரையே மிஞ்சும். வால்வுள்ள கிடாரத்தில் வற்றவைத்தால் நீர்மட்டம் வால்வளவுக்கு இறங்கி, துளையோரத்திற் பாணி கருகிப் பிடிக்கும், வால்வும் அடைபடும். அகன்ற தாச்சியில் ஆவி விரைவாக வெளியேறுவதால் விறகும் மிச்சமாகும்.

சுத்தம்

போல் வால்வின் உள்ளே துளையுள்ள உருண்டை ஒன்று சுழல்கிறது. மூடிய நிலையில் அந்தத் துளைக்குள்ளும் உருண்டையைச் சுற்றியும் சிறிதளவு கருப்பநீர் தங்கும். பார்வைக்குத் தெரியாத இந்தச் சிறிதளவு மறுநாள் நொதித்துப் புளித்திருக்கும். புளிப்பும் நொதியமும் கருப்பநீரின் சர்க்கரையை உடைத்துவிடும். உடைந்த சர்க்கரை கட்டிபடாது. எவ்வளவு காய்ச்சினாலும் குட்டானில் இறுகாமல் இளகி நிற்கும் பனங்கட்டிக்கு இது ஒரு காரணம்.

ஆகவே வேலை முடிந்த கையோடு கிடாரத்திற் கொதிநீர் ஊற்றி, வால்வு வழியே ஓடவிட்டு, ஓடும்போதே கைபிடியைப் பலமுறை திறந்து மூடுங்கள். பின் பாதி திறந்த நிலையில் சிறிது நேரம் வடியவிடுங்கள். உருண்டையைச் சுற்றிய நீர் வெளியேறுவது பாதி திறந்திருக்கும்போதுதான். மறுநாள் தொடங்க முன்னரும் ஒருமுறை கொதிநீர் விடுங்கள். மூன்று துண்டு வால்வானால் வாரம் ஒரு தடவை கழற்றித் தேய்த்துக் கழுவலாம். உள்ளே சுண்ணாம்பு பிடித்திருந்தால் வினாகிரியில் ஊறவைத்தாற் கரையும். பருவம் முடிந்ததும் அனைத்தையும் கழற்றி உலர்த்தி வையுங்கள்.

புதிய ஆபத்து ஒன்று

தூக்கும் ஆபத்து நீங்கும்போது வேறோர் ஆபத்து உள்ளே வருகிறது. வால்வின் கைபிடி குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக்கூடும். அதைத் திறந்தாற் கொதிக்கும் நீர் நேராகக் குழந்தைமேல் பாயும். எனவே காய்ச்சும் நேரத்திற் கைபிடியைக் கம்பியாற் கட்டிவையுங்கள். பூட்டுள்ள கைபிடி கிடைத்தால் இன்னும் நல்லது. நடமாடும் பக்கத்துக்கு வால்வு நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கைபிடியும் சூடேறும், துணியாலேயே பிடியுங்கள்.

தாச்சியில் வற்றும் பாகு கொதிநீரிலும் கொடியது. பனங்கட்டிப் பதத்தில் அதன் வெப்பம் 115 பாகை செல்சியசுக்கும் மேலாகும். தோலில் ஒட்டியும் கொள்ளும். எவருக்காவது பட்டால் உடனே குளிர்ந்த சுத்தமான நீரை 20 நிமிடம்வரை ஊற்றிக்கொண்டேயிருங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் பூசவேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இதற்காகவே கொட்டிலில் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிற்கட்டும்.

குழுவாகத் தொடங்குவோம்

ஒரு குடும்பம் தனித்து இதை வாங்குவது சிரமமாக இருக்கலாம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிடாரத்தைச் செய்து, ஒரு பருவம் முறைவைத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம். மாதர் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ படி அலகு ஒன்றை வாங்கி வைத்தால் ஊரிலுள்ள எல்லாக் கிடாரங்களுக்கும் அது போதும். முதலாவது கிடாரத்தைப் பொருத்தும் நாளில், காய்ச்சும் பெண்களே துளையிட்டு, தாங்களே இறுக்கிப் பழக வேண்டும். வோஷர் தேய்ந்து ஒழுகும் நாளிலே வெளியூரிலிருந்து ஒருவர் வரும்வரை காத்திருக்கும் நிலை ஏற்பட்டால், அந்தக் கிடாரம் மூலையில் ஒதுங்கி, பழைய கிடாரமும் பழந்துணியும் மீண்டும் அடுப்பேறிவிடும்.

பாணியின் விலையை நிர்ணயிப்பது எமது கையில் இல்லை. ஆனால் அதைக் காய்ச்சுபவரின் கையும் காலும் வேகாமற் காப்பதும், போத்தலில் அடைக்கும் பாணி தெளிவாக இருப்பதும் எமது கையிலே உள்ளன. அடுத்த சீவற் பருவம் தொடங்க முன்னர் உங்கள் ஊரில் ஒரு கிடாரத்திலாவது இதைச் செய்து பாருங்கள்.